ஃபோர்மீகாவின் ஏழு

1941 ஏப்ரலில் பிரேசில் அரசு ஓர் ஆணை போட்டது. பெண்களின் 'இயல்புக்கு ஒவ்வாத' விளையாட்டுகளை அவர்கள் ஆடக்கூடாது என்றது. கால்பந்து என்ற பெயர் அதில் இல்லை. இல்லாவிட்டாலும் எதைச் சொல்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. 1965இல் பெயரையும் போட்டே தடுத்தார்கள். தடை நீங்கியது 1979இல். பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் ஃபோர்மீகா பிறந்தது 1978 மார்ச்சில், சால்வடோர் நகரத்தில். பின்னாளில் ஏழு உலகக் கோப்பைகளில் ஆடப்போகும் பெண், தான் பந்தை உதைப்பதே சட்டவிரோதமாக இருந்த நாட்டில் பிறந்திருக்கிறார். சட்டம் போன பிறகும் வீட்டில் தடை போகவில்லை. பையன்களோடு ஆடியதற்காக அண்ணன்மார் அடித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1995, 1999, 2003, 2007, 2011, 2015, 2019. ஏழாவதில் அவர் இறங்கியபோது ஆண்கள் பக்கம் ஐந்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. ஒலிம்பிக்கிலும் அதே ஏழுதான். பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1996 அட்லாண்டாவில் தொடங்கி, 2021இல் நடந்த டோக்கியோ வரை ஒன்றுகூட விடவில்லை. முதல் உலகக் கோப்பையில் வயது 17, கடைசியில் 41. கூட ஆடிய சில பெண்கள், அவர் முதல் உலகக் கோப்பை ஆடியபோது பிறந்திருக்கவே இல்லை.

பெண்கள் கால்பந்துச் சாதனைப் பட்டியலில் எனக்குப் பிடித்த எண் எது என்று கேட்டால் இந்த ஏழைத்தான் சொல்வேன். கோல் எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். ஃபோர்மீகா நடுக்களத்தில் தடுப்பு வேலை பார்த்தவர். எதிரணியின் பந்தைப் பறித்து, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பந்தைப் பறிக்கப் போகிற வேலை. கேமரா அங்கே நிற்காது. ஆனால் இந்த எண்ணைப் பார்த்து வெறுமனே கைதட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு சர்வதேச ஆட்டம் போதும் என்று விடைபெற்றவர் அவர். பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதால் 2018இல் திரும்பி வந்தார். நாற்பது வயதுக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது என்றால் அந்த இடத்துக்குக் கீழிருந்து ஆள் வரவில்லை என்றுதானே அர்த்தம்? 2019 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் தோற்று வெளியேறிய இரவில் பிரேசிலின் நட்சத்திரம் மார்த்தா கேமராவைப் பார்த்துக் கண்ணீரோடு பேசியதும் இதைத்தான்: என்றைக்கும் ஒரு ஃபோர்மீகா இருக்க மாட்டார், ஒரு மார்த்தா இருக்க மாட்டார், ஒரு கிறிஸ்தியானே இருக்க மாட்டார். சின்னப் பெண்களைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. எனக்கென்னவோ பிரேசில் கால்பந்துச் சங்கத்தைப் பார்த்தும் சொன்ன மாதிரிதான் கேட்டது.

ஃபோர்மீகாவின் விடைபெறும் ஆட்டம் யாரோடு நடந்தது தெரியுமா? இந்தியாவோடு. 2021 நவம்பர் 25, அமேசான் காட்டின் நடுவில் இருக்கும் மனாவுஸ் நகரம். முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட்டுவிட்டது. எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் இடப்பக்கமாக ஓடிப்போய் திருப்பி அடித்தார். 1–1. பிரேசிலுக்கு எதிராக, பிரேசிலில்! கடைசியில் 6–1 என்று தோற்றோம், அது வேறு கதை. இரண்டாம் பாதியில் ஃபோர்மீகா மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது அரங்கமே எழுந்து நின்றது. நம் ஊர் விளையாட்டுப் பக்கங்களில் மனிஷாவின் கோல் வந்தது, ஸ்கோர் வந்தது. எதிரே யார் விடைபெற்றார் என்பது பெரும்பாலும் வரவில்லை.

சாதனைப் புத்தகத்தை எங்கிருந்து எழுதத் தொடங்குகிறார்கள் என்பது இன்னொரு விஷயம். ஃபிஃபா கணக்கில் முதல் பெண்கள் உலகக் கோப்பை 1991, சீனா. ஆனால் அப்போது அதற்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்கவில்லை. 'எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான முதலாவது ஃபிஃபா பெண்கள் கால்பந்து உலக சாம்பியன்ஷிப்' என்பது முழுப்பெயர். மிட்டாய்க் கம்பெனியின் பெயரை உள்ளே விட்டார்கள், உலகக் கோப்பை என்ற பெயரை வெளியே நிறுத்தினார்கள். போட்டி சரியாகப் போகாவிட்டால் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. நன்றாகப் போன பிறகு அதே போட்டியை முதல் உலகக் கோப்பை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆட்ட நேரத்திலும் பயம் இருந்தது. தொண்ணூறு நிமிடம் கிடையாது, எண்பதுதான். தொண்ணூறு ஆடினால் எங்கள் சினைப்பை கழன்று விழுந்துவிடும் என்று பயந்தார்கள் என அமெரிக்க கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் பிறகு கேலி செய்தார்.

இந்த எண்பதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிஷேல் ஏக்கர்ஸின் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரே போட்டித் தொடரில் 10 கோல். அதில் ஐந்து சீன தைபேக்கு எதிராக ஒரே ஆட்டத்தில். ஒரு பெண்கள் உலகக் கோப்பையில் ஒருவர் அடித்த அதிகபட்சம் இன்றுவரை அதுதான். அமெரிக்கா ஆடியது ஆறு ஆட்டங்கள். ஆறு எண்பது, 480 நிமிடம். இன்றைய கணக்கில் ஐந்தரை ஆட்டம்கூட இல்லை. குவாங்ஜோவில் நார்வேயோடு நடந்த ஃபைனலில் 78வது நிமிடம் வரை 1–1. நார்வே தடுப்பாட்டக்காரர் ஒருவர் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து வேகம் போதாமல் நடுவில் தவித்தது. ஏக்கர்ஸ் பாய்ந்து எடுத்தார், கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போனார், காலியாக இருந்த வலைக்குள் தள்ளினார். இன்னும் இரண்டே நிமிடம்தான் மிச்சம் இருந்தது. தொண்ணூறு நிமிட ஆட்டமாக இருந்திருந்தால் நார்வேக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். என்ன ஆகியிருக்குமோ. அடுத்த உலகக் கோப்பையை, 1995இல், வென்றது நார்வேதான்.

1991க்கு முன்னால் நடந்தது? அங்கேதான் எனக்குக் கோபம் வரும். 1971இல் மெக்சிகோவில் ஆறு அணிகள் ஆடிய ஒரு பெண்கள் உலகப் போட்டி நடந்தது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க். பணம் போட்டது ஒரு மதுபானக் கம்பெனி. கோல்கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள், பெண்கள் என்றால் அந்த நிறம்தானாம். ஃபைனல் அஸ்டெகா மைதானத்தில். வந்த கூட்டம் சுமார் 1,10,000. ஃபைனலுக்கு முன் மெக்சிகோ பெண்கள், இவ்வளவு வசூல் ஆகிறதே, எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆடினார்கள். டென்மார்க் 3–0 என்று வென்றது. மூன்றையும் அடித்தவர் சுசான் அகஸ்டெசன், வயது 15.

பதினைந்து வயதுப் பெண், லட்சம் பேர் முன்னால், உலகப் போட்டி ஃபைனலில் ஹாட்ரிக். இது எந்த அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் ஃபிஃபா நடத்திய போட்டி இல்லை. திரும்பிப்போன இங்கிலாந்துப் பெண்களுக்கு ஊரில் மாலை மரியாதை நடக்கவில்லை, சில மாதம் ஆடத் தடைதான் கிடைத்தது. அந்த நாடு 1921 டிசம்பரில் பெண்களைச் சங்க மைதானங்களிலிருந்து வெளியேற்றிய நாடு. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் கூடிசன் பார்க்கில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். கூட்டம் வராததால் தடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1971 போட்டியின் இன்னொரு ஆட்டத்தை அர்ஜென்டினா மறக்கவில்லை. ஆகஸ்ட் 21, இங்கிலாந்தை 4–1 என்று வென்ற நாள். நான்கையும் அடித்தவர் எல்பா செல்வா. இப்போது அந்தத் தேதியை அங்கே கால்பந்துப் பெண்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இனி 'அதிகப் பார்வையாளர்' சாதனைக்கு வருவோம். பல வருடம் எங்கு பார்த்தாலும் 90,185 என்றுதான் இருக்கும். 1999 ஜூலை 10, கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம், அமெரிக்கா–சீனா உலகக் கோப்பை ஃபைனல். பிறகு 2022 மார்ச்சில் பார்சிலோனா–ரியல் மாட்ரிட் ஆட்டத்துக்கு 91,553, அடுத்த மாதமே வூல்ஃப்ஸ்புர்க்கோடு 91,648. இரண்டும் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில். ஒவ்வொரு முறையும் 'உலக சாதனை' என்று தலைப்பு. அஸ்டெகாவில் டிக்கெட்டை எண்ணிக் கணக்கு வைக்கவில்லை என்று சொல்லலாம், நியாயம்தான். அதை அடிக்குறிப்பிலாவது போட்டுவிட்டு எழுதினால் கை தேய்ந்துவிடாது.

1999 ஃபைனல் என்றால் எல்லோருக்கும் வெற்றி பெனால்டியை அடித்த அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டைன் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி முழந்தாளிட்ட படம்தான் ஞாபகம். எனக்கு அதற்கு முன்னால் நடந்த ஒரு நொடி பெரிது. கூடுதல் நேரத்தில் சீனாவின் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோல்கோட்டின் மேல் நின்ற கிறிஸ்டின் லில்லி தலையைக் கொடுத்து அதை வெளியே தள்ளினார். அது உள்ளே போயிருந்தால் அன்றைக்கு விதி 'கோல்டன் கோல்', அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும். பெனால்டியும் இல்லை, சட்டையும் இல்லை, புகைப்படமும் இல்லை. இந்த லில்லிதான் நாட்டுக்காக 354 ஆட்டங்கள் ஆடியவர். 1987இல் தொடங்கி 2010 வரை. ஆண், பெண் இரு பக்கத்திலும் அந்த உயரத்தை யாரும் எட்டவில்லை.

ஜெர்மனியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பியப் பட்டம் எட்டு முறை. அங்கேயும் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. 1989இல் முதல் பட்டம் வென்றதற்குக் கால்பந்துச் சங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுத்த பரிசு, நம் ஊர்க் கல்யாணத்தில் ஒப்புக்கு வாங்கிக் கொடுப்பது போல ஒரு காபி செட்! 2007 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 11–0 என்று வென்றார்கள். ஃபைனலில் பிரேசிலை 2–0. மொத்தத் தொடரிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோல்கீப்பர் நாடீன் ஆங்கெரர் ஃபைனலில் மார்த்தாவின் பெனால்டியையும் தடுத்தார். 540 நிமிடம், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை உடைத்தவரைப் பற்றித்தான் எங்கள் வீட்டுச் சண்டை. கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் 190 சர்வதேச கோல்களோடு ஓய்வு பெற்றார் என்று நான் ஒருநாள் சொன்னேன். சித்தப்பா மகன் ஐரோப்பிய லீக்கெல்லாம் ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறவன். சிரித்தான்.

"அக்கா, எதிர்ல யாரு ஆடுனாங்கன்னு பாருங்க. குட்டித் தீவுங்களை அடிச்சா கோல் விழாம என்ன பண்ணும்?"

அவன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுவரை சாதனையாக இருந்த அமெரிக்காவின் அபி வாம்பாக்கின் 184ஐ சின்க்ளேர் தாண்டியது 2020 ஜனவரியில், செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் அணிக்கு எதிராக. ஆட்டம் 11–0. வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கான்ககாஃப் நடத்தும் தகுதிச் சுற்றுகளில் இப்படி நிறைய விழும். ஆனால் அதே வாதத்தை ஆண்கள் பட்டியலுக்குப் போடச் சொன்னால் அவன் பேச்சை மாற்றுகிறான். ஐரோப்பாவிலும் லிச்டென்ஸ்டைன், ஜிப்ரால்டர் எல்லாம் இருக்கின்றனவே?

அவனுக்கு நான் எடுத்துக்காட்டியது 2011 ஜூன் 26, பெர்லின். உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், சொந்த மண்ணில் நடப்பு சாம்பியன் ஜெர்மனி, எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் எதிராளியின் முழங்கை பட்டு சின்க்ளேரின் மூக்கு உடைந்தது. வெளியே வரச் சொன்னார்கள், வர மறுத்துவிட்டார். 82வது நிமிடத்தில் ஃப்ரீ கிக். வீங்கிய மூக்கோடு நின்று, எதிரணியினர் சுவராக நின்றதற்கு மேலாக வளைத்து, ஆங்கெரரின் கைக்கு எட்டாமல் வலைக்குள் போட்டார். முந்தைய உலகக் கோப்பையின் 540, அன்றைய 82, ஆக 622 நிமிடம் கழித்து ஆங்கெரர் வாங்கிய கோல். கனடா 2–1 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் சின்க்ளேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கு அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக் அரையிறுதி, ஓல்ட் டிராஃபர்ட். அமெரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக், மூன்று முறையும் கனடாவுக்கு முன்னிலை. மூன்று முறையும் அமெரிக்கா சமன் செய்தது. மூன்றாவது சமன் வந்த வழி இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான். கனடாவின் கோல்கீப்பர் ஆறு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்தார். அந்த விதி இருந்தது, ஆனால் அதை அமல்படுத்தியவர்கள் அபூர்வம். ஃப்ரீ கிக் ஒரு கனடியப் பெண்ணின் கையில் பட்டது, பெனால்டி. கூடுதல் நேரத்தில், 123வது நிமிடத்தில் அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் தலையால் முட்டி 4–3. இப்போது அந்த விதியையே எட்டு வினாடி, மீறினால் கார்னர் என்று மாற்றிவிட்டார்கள். சின்க்ளேருக்கு அதனால் என்ன பயன்? ஒன்பது வருடம் கழித்து டோக்கியோவில் அதே அமெரிக்காவை அரையிறுதியில் வென்று தங்கம் வாங்கினார். அப்போது வயது 38.

தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

பெரிய ஸ்கோர் விஷயத்தில் நம் எல்லோருக்குமே இரட்டை நாக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. 2019இல் அமெரிக்கா தாய்லாந்தை 13–0 என்று வென்றது, உலகக் கோப்பையின் மிகப்பெரிய வெற்றி. மார்கன் மட்டும் ஐந்து. பத்தாவது கோலுக்கும் குதித்துக் கொண்டாடினார்கள் என்று உலகமே உபதேசம் செய்தது. 2025 ஜூனில் தாய்லாந்தின் சியாங்மாயில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், இந்தியா மங்கோலியாவை வென்ற ஸ்கோரும் 13–0. ப்யாரி சாசா ஐந்து. அன்றைக்கு என் வாட்ஸாப் முழுக்கக் கைதட்டல்தான். மங்கோலியப் பெண்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர் யாரும் இல்லை, நானும்தான். குரூப்பில் முதலிடம் பிடித்தால்தான் தகுதி என்னும்போது கோல் வித்தியாசம் சேர்க்காமல் என்ன செய்வார்கள்? அமெரிக்காவுக்கும் கோல் வித்தியாசக் கணக்கு இருந்தது. கடைசி ஆட்டத்தில் சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டு கோலால் இந்தியா 2–1 என்று வென்றது. எதிரணி, தாய்லாந்து.

தகுதிச் சுற்று ஆடி இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனது அதுவே முதல் முறை. ஆனால் 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம். 1983இலும் இரண்டாமிடம். அப்போது சீனா, ஜப்பான் எல்லாம் வரவே இல்லை என்று குறை சொல்லலாம். அதே ஜப்பான் 2011இல் உலகக் கோப்பை வாங்கிவிட்டது, நாம் தகுதிச் சுற்றில் ஜெயித்ததையே கொண்டாடும் இடத்துக்கு வந்திருக்கிறோம். தெற்காசியாவில்கூட முதல் ஐந்து பட்டங்களையும் வாங்கிய இந்தியாவைத் தாண்டி 2022, 2024 இரண்டையும் பங்களாதேஷ் எடுத்துக்கொண்டது.

2019 தாய்லாந்துக்கே திரும்புகிறேன். 13 வாங்கிய அணி அடுத்து ஸ்வீடனிடம் 5–1 என்று தோற்றது. அந்த ஒன்று, காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் கஞ்சனா சுங்-நோயென் அடித்தது. மைதானத்தின் ஓரத்தில் அணியின் மேலாளர் நுவல்ஃபான் லாம்சாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை நிற்கவே இல்லை. அந்த உலகக் கோப்பையில் அடித்த 146 கோல்களில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்த ஒன்றுதான்.

2031 பெண்கள் உலகக் கோப்பையில் 48 அணிகள் என்று அறிவித்ததும் மறுபடி அதே பேச்சு: சின்ன அணிகள் வந்தால் 13–0தான் நடக்கும். நடக்கலாம். ஜமைக்காவையும் சேர்த்துப் பாருங்கள். பணமில்லாமல் கலைக்கப்பட்டு, பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி உதவியால் மீண்ட அணி. 2019இல் முதல் உலகக் கோப்பை, மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, வாங்கிய கோல் 12. 2023க்குப் போகும்போது செலவுக்கு ஓர் ஆட்டக்காரரின் தாய் இணையத்தில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. பிரான்ஸோடு 0–0. பனாமாவை 1–0. பிரேசிலோடு 0–0. குரூப் ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். பிரேசில் ஊருக்குப் போனது. 2019இல் தன் 17வது உலகக் கோப்பை கோலை அடித்து ஆண்கள் பக்கம் சாதனையாக இருந்த ஜெர்மனியின் க்ளோசேயின் 16ஐத் தாண்டியிருந்த மார்த்தாவை 17லேயே நிறுத்தி வைத்தது அந்த ஜமைக்காதான்.

தாய்லாந்து 2023க்குத் தகுதி பெறவில்லை. பெரிய தோல்வி வாங்கிய எல்லா அணியும் நான்கு வருடத்தில் எழுந்து நிற்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் நடக்கிறது. எது நடக்கும் என்பது பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சங்கத்தின் வரவுசெலவில் இருக்கிறது, 13–0 என்ற எண்ணில் இல்லை. அதனால் 48 வரட்டும்.